கறுப்புத் திரையில் மாதங்கி

1
இந்தக் கதை இன்று காலை லிஃப்டில் கிடைத்தது. கொல்கத்தா சால்ட் லேக்கில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் மாதங்கி சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனை: "யாரோ வந்து சரிபண்ணிக் கொடுத்ததா மட்டும் எழுதிடாதே."

2
'கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்சிமிட்ட, மாதங்கியின் மனதில்...'

(வேண்டாம். அவள் மனதில் எரிச்சல்தான் இருந்தது.)

நேராகவே சொல்கிறேன். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டி எங்கள் குடியிருப்புக்குக் கொடுத்த கம்ப்யூட்டர். உள்ளே லினக்ஸ் இயங்குதளம் உண்டு. ஐகான், மெனு, மவுஸ் அம்பு எதுவும் கிடையாது. கட்டளையை அடித்தால்தான் அசையும். அவையெல்லாம் வர, டெஸ்க்டாப்பை ஏற்றிக்கொள்ள ஒரு டிவிடியும் கையேடும் கொடுத்திருந்தார்கள். அதை வைத்திருந்த பொது அறையில் நெட் இல்லை.

அவள் வீட்டில் சமைக்கும் ஷெஃபாலிக்குத் திங்கட்கிழமை ஒரு நர்ஸிங் ஹோமில் இன்டர்வியூ. வரவேற்பில் உட்கார கம்ப்யூட்டர் தெரிய வேண்டும். சொல்லித் தருவதாக மாதங்கி வாக்குக் கொடுத்துவிட்டாள். கட்டளை எதுவும் அவளுக்கும் தெரியாது.

3
முதல் வரைவில் ஜாதவ்பூரில் படிக்கும் அவள் மருமான் விவேக் வந்து ஐந்தே நிமிஷத்தில்... அந்த வரியோடு அவனையும் அடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை. கணவர் ஜெய்ராம், "ஏன் மல்லுக்கட்டறே? கடையில கொடுத்துடலாம்" என்றார்.

"இன்னிக்குக் கடை ஏது? நீங்க கையேட்டைப் படிங்கோ, நான் அடிக்கறேன்."

(அவரை வில்லனாக்கியிருந்தேன். ஆனால் மனுஷர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருக்கிறார். மாற்றிவிட்டேன்.)

டெஸ்க்டாப்பை ஏற்றச் சொல்லிக் கம்ப்யூட்டரில் கட்டளை அடித்தாள். அப்படி எதுவும் இல்லை என்றது. மறுபடி அடித்தாள். அதே பதில். டிவிடியை உள்ளே போட்டால் மட்டும் போதாது, அதை முதலில் கம்ப்யூட்டரின் பட்டியலில் பதிவுசெய்ய வேண்டும் என்று கையேட்டின் அடியில் இருந்தது. பதிவுசெய்தாள். இப்போது ஏற்றச் சொன்னால், இரண்டாவது டிவிடியைப் போடு என்றது.

இருந்ததே ஒன்றுதான்.

ஜெய்ராம் எழுந்துவிட்டார்.

"உக்காருங்கோ. சின்னதா வேற டெஸ்க்டாப் இருக்கா பாருங்கோ."

இருந்தது. அது முதல் டிவிடிக்குள்ளேயே அடங்கியது. அதை ஏற்றச் சொன்னாள். திரையில் வரிகள் ஓடி நின்றன. அணைத்துப் போட்டாள். மவுஸைத் தொட்டதும் அம்பு நகர்ந்தது. "நகர்றது பாருங்கோ!" என்று கத்தினாளாம்.

4
சாயங்காலம் ஷெஃபாலி கீபோர்டைத் தொடவே பயந்தாள். "பௌதி, தப்பா அழுத்தினா கெட்டுப்போயிடுமா?" என்று வங்காள மொழியில் கேட்டாள். பௌதி என்றால் அண்ணி.

"கெட்டா மறுபடி ஏத்துவேன். நீ அழுத்து."

5
வேலை கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன், கிடைக்காததாக ஒன்று. இரண்டும் வேண்டாம். இதை எழுதும்போது ஷெஃபாலி இன்னும் இன்டர்வியூவிலிருந்து திரும்பவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஞாயிறு வகுப்புக்கு மாதங்கி இன்னும் மூன்று பெண்களை வரச் சொல்லியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.