கழுவாத ஜல்லி

"சாமி படம் இல்லாத தாளாப் பாத்து எடுங்க," என்றாள் மதினி.

எங்கள் வீட்டில் பழைய பேப்பர் கிடையாது. அச்சாபீசில் தள்ளுபடியான காலண்டர் தாள்தான். அண்ணன் கதிரவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வரும்போதெல்லாம் அள்ளிக்கொண்டு வருவான். புரட்டினால் ஒவ்வொரு தாளிலும் ஒரு சாமி, கலர் விலகி இரண்டு மூக்கோடு சிரித்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு அணைக்கட்டுப் படம் அகப்பட்டது. செத்த மீனுக்கு அதுதான் பொருத்தம் என்று கொடுத்தேன். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை அதில் கிடத்திச் சுருட்டி, முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தாள். இது மூன்றாவது அடக்கம்.

"முருங்கை இந்த வருசம் நல்லாக் காய்க்கும் மதினி." ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"கொழுந்தனாரே, கையில மம்பட்டி இருக்கு. பாத்துப் பேசுங்க."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா தன் பங்கைச் செலுத்தினாள். "ஊருல மீன வாங்கினா கொளம்பு வைப்பாக. எங்க வீட்டுலதான் கருமாதி பண்றாக."

பின்புறத்தில் இருந்த ஏற்பாடு இதுதான். ஊறுகாய் வந்த நீல டிரம் ஒன்றைப் படுக்கப் போட்டு வயிற்றை அறுத்திருந்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து வந்த டிரம் சும்மாவே கிடைக்கும், ஆனால் அது வாசலுக்குள் வரக்கூடாது என்று மதினி முதலிலேயே சொல்லிவிட்டாள். டிரம்முக்கு மேலே செங்கல் அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கருங்கல் ஜல்லி. கீழே மீன், மேலே கீரை. ஒரு குட்டி மோட்டார் மீன் தண்ணியை மேலே ஏற்றும், அது ஜல்லி வழியாக வடிந்து மறுபடி டிரம்முக்கே வந்துவிடும். மண் வேண்டாம், உரம் வேண்டாம். மீன் கழிப்பது கீரைக்குச் சாப்பாடு, கீரை வடித்துக் கொடுப்பது மீனுக்கு நல்ல தண்ணி. மாமியார் மருமகளையும் சேர்த்து எங்கள் தெருவில் இவ்வளவு ஒற்றுமையான குடித்தனம் வேறு கிடையாது, வீடியோவில் பார்த்தவரைக்கும்.

வீடியோவைக் காட்டியது நான்தான். கெமிஸ்ட்ரி படிக்கிறவன் என்பதால் என்னை இதற்கு ஆலோசகராக நியமித்திருந்தாள். அரியர் விவரம் அவளுக்கு அப்போது தெரியாது.

அருணாதேவி மதினி கல்யாணமாகி வந்ததிலிருந்தே பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். மருந்து அடைக்கிற ரூமில் வேலை. போன சீசனில் அவள் ரூமுக்கு அடுத்த ரூம் ஒரே வெடியில் இல்லாமல் போனது. அன்றைக்கு செருப்பில்லாமல் வீடு வந்து, அண்டாத் தண்ணி முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டாள். அதன்பிறகு போகவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. கொஞ்ச நாளானதும் எல்லோரும், எப்ப போற, என்று மட்டும் கேட்கத் தொடங்கினார்கள்.

போர்மேன் முனியராஜ் வாரந்தவறாமல் வந்தார். நல்ல மனுசன். கெட்ட மனுசனாக இருந்தால் மறுப்பது சுலபம்.

"ஏத்தா, ஆடி முடிஞ்சா ஆர்டர் நெருக்கும். ஒன் கை மாதிரி நிதானமான கை எனக்கு வேற இல்ல. எப்ப வார?"

"ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போறோம்ணே. மறுநா காலைல சொல்றேன். மீனு பொழச்சு நின்னுச்சுன்னா வரல. நிக்கலைன்னா கம்பெனி வேன்ல ஏறிருதேன்."

"மீனைக் கேட்டா வேலைக்கு வருவ?"

"ஆளுகளக் கேட்டுட்டேண்ணே. எல்லாரும் போன்னுதான் சொல்றாக."

அண்ணன் தீவிரமாக ஆட்டோ டயரை ஆராயத் தொடங்கினான்.

மூன்றாவது அடக்கத்துக்குப் பிறகு சிவகாசியில் மீன் தொட்டி விற்கிற கடையிலிருந்து ஒரு சோதனைப் பெட்டி வாங்கி வந்தேன். சின்னக் குழாயில் டிரம் தண்ணியைப் பிடித்து, மருந்துத் துளி விட்டு ஆட்டி வைக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் மீன் பிழைக்கும். பச்சையானால் அம்மோனியா. எங்கள் தண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையானது.

"பச்சைன்னா பேரியம்லா?" என்றாள் மதினி.

"இது மீன் மூத்திரம், மதினி."

அவள் சிரிக்கவில்லை. குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, வாணத்தில் ஒரு கலரைப் பார்த்தால் அதற்குள் என்ன உப்பு இருக்கிறது என்று படிக்கிற பழக்கத்தில், ரொம்ப நேரம் பார்த்தாள். ஜல்லிதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும் என்று வீடியோ சொன்னது. நம் ஜல்லி ஏன் பண்ணவில்லை? ஆலோசகர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

பதில் ஒரு சாயங்காலம் கிடைத்தது. கல்லூரியில் லேப் பூட்டிக் கிடந்ததால் சீக்கிரம் வந்துவிட்டேன். பின்புறத்தில் மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜல்லியை மொத்தமாகச் சாக்கில் கொட்டி, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த கல்லை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழப்பு இருந்தால் மறுபடி தேய்ப்பு. தொட்டியின் மூலைகளை ஈர்க்குத் துடைப்பத்தால் சுரண்டியிருந்தாள். அத்தனை சுத்தமான ஜல்லியை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

"இத எப்பப்ப செய்றீக?"

"தெனமும். பொழுது சாயறதுக்குள்ள."

அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் கதையைப் பரீட்சையில் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவன் நான். அந்தக் கதை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"மதினி, அந்த வழவழப்புதான் வேலை பாக்குது. கண்ணுக்குத் தெரியாத உசுரு அதுல குடியேறணும். அதுதான் மீன் கழிக்கிறதப் பிடிச்சு நைட்ரேட்டா மாத்தி கீரைக்குக் கொடுக்கும். நீங்க தெனமும் அதுகளக் காலி பண்ணி அனுப்பிட்டு இருக்கீக."

அவள் கை நின்றது. "நைட்ரேட்டுன்னா, நம்ம வெடியுப்பா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"அதையா மிச்சம் வைக்கச் சொல்றீக?"

ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "மருந்து ஒரு சிட்டிகை ராத்திரி தங்கப்படாது. கழுவி, தொடச்சு, வெறுங்கையால தடவிப் பாத்துத்தான் கதவைப் பூட்டணும். சேந்த அன்னைக்குச் சொல்லித் தந்தது. அன்னைக்கு அடுத்த ரூம்ல லோடு ஏத்துற அவசரம். மிச்சத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிருக்காக. மறுநா காலைல வந்து கதவத் தொறந்தாக."

அவ்வளவுதான் சொன்னாள். நான் சாக்கிலிருந்த ஜல்லியைத் தேய்க்காமல் அள்ளித் தொட்டியில் போடத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்குப் போய், வலை போடுகிறவரிடம் மறுபடி குஞ்சு வாங்கி வந்தோம். கொஞ்சமாகத்தான் விட்டோம். இந்தத் தடவை ஜல்லியைத் தொடுவதில்லை என்று தீர்மானம்.

ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்து பாராட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்லை. பொழுது சாய ஆரம்பித்தால் மதினியின் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். ஜல்லியில் பழுப்பு ஏறுவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். பிறகு வேறு எதையாவது கழுவப் போய்விடுவாள். அண்ணனின் லோடு ஆட்டோ வாங்கின நாளில்கூட அப்படி மின்னியதில்லை. என் ஷூவின் உண்மையான நிறம் வெள்ளை என்று தெரிய வந்தது. அந்த ஆடியில் எங்கள் வீட்டுக் கோழி இரண்டு தடவை குளித்தது.

சோதனைக் குழாய் பச்சையாகவே இருந்தது. பாதித் தண்ணியை மாற்றுவோம், இரையைக் குறைப்போம், மறுபடி பார்ப்போம். பச்சை. இரண்டு மீன் செத்தது. மதினி தாளைத் தேடி எடுத்துவந்து புதைத்தாள், ஜல்லியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காததில் இருந்த வைராக்கியத்துக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கலாம்.

இருக்கன்குடிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் நிஜமான ஆபத்து வந்தது. அம்மா ரூபத்தில். கோயிலுக்குப் போகும் முன்னால் வீட்டை அலசிவிடுவது வழக்கம். பஞ்சம்மாள் என்ற என் அம்மா உத்திரம் முதல் வாசப்படி வரை அலசிவிட்டு, வாளியோடும் சோப்புப் பொடியோடும் பின்புறத்துக்கு வந்தாள். நேரே ஜல்லித் தொட்டிக்குப் போய் வாளியைத் தூக்கினாள்.

"அத்த, அதத் தொடாதீக."

அம்மா திரும்பினாள். மதினி தொட்டிக்கும் வாளிக்கும் நடுவில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் அவள் அம்மாவிடம் சொன்ன முதல் 'வேண்டாம்' அது.

"தவளை முதுகு மாதிரி இருக்கேத்தா. ஆத்தா கோயிலுக்குப் போகையில வீட்ல அழுக்க வச்சுப் பூட்டுறதா?"

"அது அழுக்கில்ல அத்த. கண்ணுக்குத் தெரியாத உசுரு."

"கண்ணுக்குத் தெரியாதத நான் எப்படித்தா நம்ப?"

"ஆத்தா மட்டும் கண்ணுக்குத் தெரியுறாளா?"

அண்ணன் இருமினான். அம்மா மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே புகழு, இவளுக்கு நீயா பேசச் சொல்லிக்கொடுத்த?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் கோயில் வேனில் ஏறும்போது அவளே கீரைத் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

கோயிலில் அத்தனை கூட்டத்திலும் மதினி என் போனை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூப்பிட்டு, கரண்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மனும் காத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. தெருமுனையில் கம்பெனி வேன் நின்று ஹாரன் அடித்தது. முனியராஜ் இறங்கி வந்தார். பின்வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். மருந்து ரூமுக்குள் போகிற பழக்கம்.

மதினி குழாயில் தண்ணி பிடித்துத் துளி விட்டிருந்தாள். வெயிலுக்கு நேரே பிடித்திருந்தாள். நான், அண்ணன், அம்மா, போர்மேன், எல்லோரும் அண்ணாந்து அந்தச் சுண்டுவிரல் கனத் தண்ணியைப் பார்த்தோம். பச்சை வரும் என்று பழகிப்போயிருந்த கண்ணுக்கு, அது மஞ்சளாகவே நிற்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதினி ஆட்டிப் பார்த்தாள். மஞ்சள். டிரம்முக்குள் ஒரு சிட்டிகை இரை போட்டாள். தண்ணி முழுக்கச் சின்னச் சின்ன வாயாக மேலே வந்து வட்டம் போட்டது.

"அடேயப்பா," என்றார் முனியராஜ். உண்மையாகவே சந்தோசப்பட்டார். குனிந்து மீனைப் பார்த்தார், கீரையைக் கிள்ளி மோந்து பார்த்தார். அப்புறம் அவர் கண் ஜல்லிக்குப் போனது. முகம் மாறியது.

"என்னத்தா, இம்புட்டு மிச்சம் கெடக்கு. ஒன் ரூம் இப்படி இருக்காதே," என்று, சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தார்.

வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

மதினி அவர் கையிலிருந்து துடைப்பத்தை மெதுவாக வாங்கினாள். வாங்கி, இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஜல்லித் தொட்டியில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தண்ணி, பழுப்பேறிய கல்லுக்குள் இறங்கி, டிரம்மில் விழுந்துகொண்டிருந்தது.