எடை மெஷினை எடுத்துவரப் போனவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் போன மாதம் என் தங்கை வீட்டு மாடிப்படியில் கிடைத்தது. தங்கை முழுகாமல் இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த மருத்துவச்சி, தன் எடை மெஷினை எடுத்துவரச் சொல்லி மாப்பிள்ளையையும் என்னையும் கீழே அனுப்பினார். மூன்று கிலோகூட இருக்காது. இதற்கு எதற்கு இரண்டு ஆம்பளைகள் என்று பாதிப் படியில் மண்டையில் உறைத்தது. உறைத்ததும் கால் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்.

கர்ப்பிணிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் அந்த மருத்துவச்சிதான் கதையின் நாயகி. மற்றபடி ஒரு கணவன், ஒரு மனைவி, மூன்றாவது மாடியில் ஒரு வீடு. மனைவிக்குத் தலைப்பிரசவம்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த அந்த..." விட்டுவிட்டேன். அன்றைக்குத் தூறல்கூட இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "தாய்மை என்பது..." ஐயோ, வேண்டாம் சாமி.

மூன்றாவது: "காலை பத்து மணிக்கு மருத்துவச்சியின் ஸ்கூட்டர் வந்து நின்றது." இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

காலை பத்து மணிக்கு மருத்துவச்சியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. லிஃப்ட் இல்லாத கட்டடம். மூச்சு வாங்க ஏறி வந்தவர் முதலில் கையைக் கழுவினார். பிறகு பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து மேஜையில் வைத்தார். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சின்னப் பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்தார். மனைவியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி வீக்கம் பார்த்தார். கணவன் பக்கத்திலேயே நின்றான். கேள்வி மனைவிக்கு, பதில் அவனிடமிருந்து.

"தூக்கம் வருதாம்மா?"

"நல்லாத் தூங்குறா சிஸ்டர்."

"சாப்பாடு?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல."

மருத்துவச்சி நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, எடை மெஷினை ஸ்கூட்டர்லயே விட்டுட்டேனே! தம்பி, கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுறீங்களா? எனக்கு இந்த முட்டி வேற."

அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். ஐம்பத்து நான்கு படி. ஏறும்போது இரண்டிரண்டாகத் தாவினான். [எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதாவது, அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான்.]

"பாத்தீங்களா சிஸ்டர், ரெண்டே நிமிஷம்!"

"சூரப்புலி தம்பி நீங்க" என்றார் மருத்துவச்சி. மனைவி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு தடவை வந்தார். ஆறு தடவையும் மெஷினை மறந்தார். மூன்றாவது தடவை மெஷின் வந்து சேர்ந்ததும் அளவெடுக்கும் டேப்பையும் மறந்துவிட்டதாகச் சொல்லி, அவனை இன்னொரு முறை ஓடவைத்தார். "பாவம், நல்ல நர்ஸம்மா. ஞாபகசக்திதான் அவுட்டு" என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

3

இப்போது தங்கை வீட்டுப் படிக்குத் திரும்புவோம். அதே மருத்துவச்சி, கொஞ்சம் நரை கூடியிருந்தது. அதே முட்டிவலி. "நீங்களும் கூடப் போங்க, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா சுலபமா இருக்கும்" என்று என்னையும் சேர்த்துக் கிளப்பியிருந்தார்.

அவர் புறப்பட்டதும் பின்னாலேயே இறங்கிப் போனேன். ஸ்கூட்டரைத் தள்ளி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நீங்க மறக்கவே இல்லதானே?"

ஹெல்மெட்டை மாட்டப் போனவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டு ஆம்பளைங்களை வெளிய போங்கன்னு சொன்னா போவாங்களா? என்ன ஏதுன்னு கிளறுவாங்க. எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா குடுகுடுன்னு ஓடுவாங்க."

"ஓடினதும்?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். 'இந்த வீட்ல உனக்குப் பயமா இருக்கா?' அவ்வளவுதான்."

"எல்லார் வீட்லயுமா?"

"எல்லார் வீட்லயும்தான். நல்லவன் கெட்டவன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

"எங்க வீட்லயும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அது உங்க வீட்டம்மா சொன்னது தம்பி. அவங்களைத்தான் கேக்கணும்." ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

4

ஆமாம். நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தச் சூரப்புலி நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. "அவன்" என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

எல்லார் வீட்டிலும் கேட்கிற கேள்வி என்றதும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்த டேப் ஞாபகத்துக்கு வந்தது. மாப்பிள்ளையை ஒரு தடவைதான் அனுப்பினார். என்னை ஏன் இரண்டு தடவை?

மூன்றாவது வருகைக்கு முந்தின வாரம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.* அன்று எதற்கு வந்தது என்று ஞாபகமில்லை. துண்டு ஈரமாக இருந்தது, அப்படி ஏதோ. தண்ணீர் ஜக்கை எடுத்துச் சுவரில் விசிறினேன். அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்தது. ஏழு மாத வயிற்றோடு குனிந்து அவள்தான் தரையைத் துடைத்தாள். நான் டீவி பார்த்தேன்.

(* முன்பு இங்கே "ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. சப்பைக்கட்டு. எடுத்துவிட்டேன்.)

இதற்குக் கீழே மூன்று பிரதிகளிலும் "அவளை ஒருநாளும் அடித்ததில்லை" என்று எழுதியிருந்தேன். அது உண்மைதான். நான்காவது பிரதியில் அதையும் நீக்கினேன். மருத்துவச்சி கேட்டது அதுவல்லவே. பயமா இருக்கா என்றுதான் கேட்டார்.

5

ஆகவே கதைக்குத் தேவை அந்த இரண்டு நிமிஷம். எழுதிப் பார்த்தேன்.

(அ) "பயமா? இவர்கிட்டயா? நல்லாக் கேட்டீங்க போங்க! கரப்பான்பூச்சி வந்தா என் முதுகுக்குப் பின்னாடி ஒளியிற ஆளு" என்று அவள் சிரித்தாள். எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம்.

(ஆ) அவள் நகத்தைப் பார்த்தாள். மருத்துவச்சி சுவரைப் பார்த்தார்.

"இங்க என்னம்மா ஆச்சு?"

"சாமான் பட்டுடுச்சு."

"தானா பட்டுச்சா?"

படியில் தடதடவென்று சத்தம். நான் வந்துவிட்டேன், இரண்டிரண்டாகத் தாவி. "அடடா, டேப்பையும் விட்டுட்டேன் தம்பி" என்றார் மருத்துவச்சி.

(இ) நான் இரண்டாம் முறை இறங்கிப் போனதும் அவள் வாயைத் திறந்து...

[இதற்கு மேல் பேனா நகரவில்லை. படியில் இருந்தவனுக்கு அறைக்குள் நடந்தது எப்படித் தெரியும்? கதைவிடுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது.]

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த வாரமே அவள் பிரசவத்துக்கென்று ஒரு பை கட்டி வைத்தாள். "இப்பவே ரெடியா? கெட்டிக்காரிதான்" என்று மெச்சினேன். அவள் அடுக்கும்போது பார்த்தேன், குழந்தைத் துணிக்கு அடியில் அவளுடைய டிகிரி சர்ட்டிபிகேட்டும் பாங்க் புத்தகமும் இருந்தன. ஆஸ்பத்திரியில் டிகிரியா கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. பை இன்றும் அலமாரி மேல் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதையும் விசிறியதில்லை. பையையும் திறந்து பார்த்ததில்லை.

6

கதைக்கு முடிவு வேண்டும். வேறு வழியில்லாமல் இதுவரை எழுதியதை இன்று காலை அவளிடமே கொடுத்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். ஜக் வரும் பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

"ஏங்க, ஐம்பத்து நாலு படி இல்ல" என்றாள். "ஐம்பத்தாறு. வயித்தைத் தூக்கிக்கிட்டு ஏறினவளுக்குத் தெரியாதா?"

"சரி, மாத்திடுறேன். மத்தது?"

"மத்தது நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

பிடி கொடுக்கவே இல்லை. நானே கேட்டுவிட்டேன். "சிஸ்டர்கிட்ட நீ என்னதான் சொன்ன?"

தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி அடுக்கினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"பால் தீர்ந்துடுச்சு. கீழ போய் வாங்கிட்டு வாங்களேன்."

ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருக்கிறது. காலையில் நான்தான் வைத்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் அவளும் நீங்களும் மட்டும்தான். அன்று என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டாம், அது பழைய கதை. இன்றைக்குப் பயமா இருக்கா என்று கேளுங்கள். அவள் யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். என்ன சொன்னாலும் அது உங்களோடு இருக்கட்டும். ஐம்பத்தாறு படியையும் ஒவ்வொன்றாகத்தான் இறங்குவேன், ஒவ்வொன்றாகத்தான் ஏறுவேன்.

நேரம் போதவில்லை என்றால் ஜன்னலைத் திறந்து எதையாவது மறந்துவிட்டதாகச் சொல்லுங்கள். இன்னொரு தடவையும் போய்வருகிறேன்.