ஒரு செங்கல் குறைவான சுவர்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. துல்லியமாகச் சொன்னால், சுவரிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. கதை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம் இருந்தது. நான் அலறிப் பின்னால் பாய்ந்ததில் அறையின் மறுகோடியில் போய் விழுந்தேன்.¹

¹ ஓரடி நகர்ந்தேன். விழவில்லை. நான் எழுத எழுதப் படித்துக்கொண்டிருக்கும் என் மனைவி, ஒவ்வொரு பொய்க்கும் கீழே உண்மையை எழுதியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

ஆனால் கையிலிருந்து தொடங்கினால் பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். வேறு தொடக்கம் பார்க்கிறேன்.

2

இரண்டாவது முயற்சி: நெருப்பு என்பது மனிதகுலத்தின் ஆதி

வேண்டாம். கொட்டாவி வருகிறது.

மூன்றாவது முயற்சி: ஓய்வு பெறும்வரை சுவர்களை எரிப்பது என் வேலை. ஆய்வுக்கூடத்தில் வீடளவு உலை ஒன்று உண்டு. அதன் வாயை அடைத்தாற்போலச் செங்கல் சுவர் கட்டுவோம். உள்ளே நெருப்பு, வெளியே நாங்கள். நெருப்புப் பக்கம் சுவர் என்ன பாடு படுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பக்கம்தான் கணக்கு. சுவர் விழக்கூடாது. விரிசல் வழியே சுவாலை எட்டிப் பார்க்கக்கூடாது. இங்கே சாய்த்து வைத்த பொருள் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு ஏறக்கூடாது. இரண்டு மணி நேரம் இப்படி நின்றால் அது இரண்டு மணி நேரச் சுவர். இன்னொன்று சொல்கிறேன், நம்பமாட்டீர்கள்: சூடேறும்போது சுவர் நெருப்பை விட்டு விலகி வளையாது; நெருப்பை நோக்கித்தான் வளையும். சுடுகிற முகம் அதிகமாக விரிவதால் அப்படி. (இதற்கு அடிக்குறிப்பு எண் போடவில்லை, கவனித்தீர்களா?)

இப்படி லட்சம் சுவர்களை எரித்திருக்கிறேன்.²

² சில நூறு.

3

இனி ஆட்கள். ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பா விட்டுப்போன ஒரே வீடு, நடுவில் செங்கல் சுவர். தம்பி பக்கம் தச்சுப் பட்டறை, அண்ணன் பக்கம் குடித்தனம். பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதலாமென்று துரோகம், உயில், பழைய காதல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. உண்மைக் காரணம் ஏணி. அண்ணனிடம் தம்பி இரவல் வாங்கிய ஏணி ஒரு படி உடைந்து திரும்பி வந்தது. இதற்காக ஒருவர் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புவாரா? அண்ணன் எழுப்பினார். அதே ஏணியில் ஏறி நின்று, உடைந்த படியைத் தாண்டித் தாண்டி.

இப்போது பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். மரத்தூள், வார்னிஷ், பக்கத்திலேயே குடித்தனம். நடுச்சுவர் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று விவரம் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. தம்பி என்னைத் தேடி வந்தார்.

"சுவர் மலை மாதிரி நிக்குது சார். ஒரு தட்டு தட்டிட்டு கையெழுத்தைப் போடுங்க."

போய்த் தட்டினேன். மலை மாதிரிதான் நின்றது. ஒரு செங்கலின் முழு நீளத்துக்குக் கனம், இரண்டு பக்கமும் பூச்சு. யாரோ மேசை கேட்டு வந்தார்கள் என்று தம்பி வாசலுக்குப் போன சமயம், வார்னிஷ் டின் அடுக்கிய அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் தட்டினேன். சுவர் அங்கே வேறு குரலில் பதில் சொன்னது. நகத்தால் நெம்பினேன். குறுக்கே படுத்திருந்த கல் ஒன்று மேசை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தக் கை. அந்த ஆரஞ்சு. கூடவே ஒரு பெண் குரல்.

"இந்தாடி, பிடி. அந்தக் கிழவன் தொலைஞ்சானா? மரங்கொத்தி மாதிரி காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கான்."

"இல்லம்மா. கிழவன் இங்கதான் இருக்கேன்."

கை போய்விட்டது. ஆரஞ்சு என்னிடம் தங்கிவிட்டது. [தின்றதையும் எழுதுங்கள். — மனைவி]

4

அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்வோம். சுவருக்குள் இருந்தவள் பெரியவள். மேசைகளுக்கு வார்னிஷ் பூசுகிறவள் சின்னவள். அவள் பூசுகிற துணியும் கையுமாக ஓடி வந்து கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க சார். அக்காவும் நானும் பேசிக்கிறதுக்கு இது ஒண்ணுதான்."

"எத்தனை நாளா நடக்குது?"

"சாந்து காயறதுக்கு முன்னாலேர்ந்து," என்றது சுவர். "இவரு கட்டிட்டு சாப்பிட உட்கார்ந்தாரு. நாங்க உருவிட்டோம்."

"அம்மா, இந்தப் பக்கம் வார்னிஷ். அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அடுப்பு."

"வார்னிஷ், அடுப்பு, நடுவுல ஓட்டை! இது ரெண்டு மணி நேரச் சுவர் இல்ல, ரெண்டு நிமிஷச் சுவர்!"³

³ நிமிஷக் கணக்கு என் சொந்தச் சரக்கு. இப்படி ஓட்டை இருந்தால் கையெழுத்து இல்லை என்பது மட்டும் சரக்கில்லை.

"கல்லு கச்சிதமா உட்காருது சார்," என்றாள் சின்னவள்.

"கல்லைச் சுத்தி இடுக்கு இருக்கே. உள்ள வர நெருப்புக்குக் கதவு வேணாம்மா, சாவித் துவாரம் போதும்."

"சரி, தீப்பிடிச்சுதுன்னே வைங்க," என்றாள் பெரியவள். "'ஏண்டி, ஓடு'ன்னு நான் இவளுக்கு எப்படிச் சொல்றது? உங்க சுவரு சொல்லுமா?"

என் உலைக்கு முன் நின்ற எந்தச் சுவரும் யாரையும் கூப்பிட்டு எச்சரித்ததில்லை. அப்படியொரு சோதனையே எங்களிடம் கிடையாது.

இந்த இடத்தில் பெரியவள் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறவள் சுவருக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பாளா? [அதானே. ரெண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு தும்மல் தூரம் என்று என்னிடம் சொன்னீர்களே. நடந்து வந்தால் என்ன?] கேட்டேன்.

"தெருவே பார்க்க நான் அவ வாசப்படி ஏறினா, இவரு ரெண்டு நாள் சாப்பிடமாட்டாரு."

"சாப்பிடாம கிடக்கட்டுமே," என்றாள் சின்னவள்.

"உனக்கென்னடி. பக்கத்துல உட்கார்ந்து புலம்பலைக் கேக்கறவ நானு."

"நீ வாக்கா. நான் வாசல்லயே நிக்கிறேன்."

அந்தப் பக்கம் கரண்டி சட்டியைக் கிளறத் தொடங்கியது.

5

முடிவுகள். முதலாவது: கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மத்தியானம் பெரியவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு டின் மூடாமல் இருக்கிறது. அதன் ஆவி இடுக்கு வழியாக நுழைய, அலமாரிப் பக்கம் குனிந்திருந்த சின்னவள் நிமிர்ந்து, அக்கா என்று

இதற்கு மேல் எழுதமாட்டேன். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் நான். நெருப்பை மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: அண்ணனும் தம்பியும் ஏணியடியில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பின்னால் சூரியன் வேறு. [அந்த ஏணிக்கே சிரிப்பு வரும். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது முடிவைக் கல்லை வைத்து அடைப்பதாகத்தான் எழுத வேண்டும். பட்டறை மூலையில் கிடந்த சிமென்டையும் மணலையும் நானே குழைத்தேன். கல்லை நனைத்துக் கையில் எடுத்தேன். சின்னவள் அலமாரியைப் பிடித்தபடி நின்றாள். ஓட்டை அடைபட்டால் இருவரும் பேச வேறு வழி வேண்டுமே; பெரியவள் வாசல் வழியாக வருவதாக ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஐந்து முறையும் தன் வீட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளைத் தள்ள எனக்கு உரிமை இல்லை.

6

அதனால் கல்லை உங்களிடம் கொடுக்கிறேன். பிடித்துக்கொள்ளுங்கள், ஈரமாக இருக்கிறது.

"இன்னும் என்ன சார்?" என்கிறாள் சின்னவள்.

"படிக்கிறவர் யோசிக்கிறாரும்மா."

"எவ்வளவு நேரம் யோசிப்பாரு? சாந்து காயுது. இவரு வேற வந்துடுவாரு."

வைப்பதானால் அழுத்தி வையுங்கள், சுற்றிலும் இடுக்கு விடாமல். வைக்கவில்லையென்றால் கையெழுத்து கிடையாது. பட்டறைக்குப் பூட்டு விழும் சேதியைத் தம்பியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அவசரப்படாதீர்கள். முதலில் அந்த ஓட்டையில் காதை வையுங்கள்.

பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். அடுப்பை அணைக்கிற சத்தம் வந்தது. பிறகு எதையோ இழுக்கிறாள், தள்ளுகிறாள். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிற சத்தம் அது.

எனக்குக் கேட்டது. உங்களுக்கு?