மூன்றாம் நாற்காலிக்கான தாள்

"பேஷண்ட் டைப்பை பேஷண்ட் டைப்பாக மாற்ற முடியாது" என்று திரையில் வந்தபோது காலை மணி பத்தே முக்கால். அதை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை என் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். ஏதோ செய்து வைத்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். அன்று உட்கார்ந்திருந்தது டயாலிசிஸ் மையத்தின் பின்னறையில். அங்கே ஒரு பழைய புரோகிராம், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் அச்சடிக்கும். அதில் முக்கியமானது 'இருக்க வேண்டிய எடை'. காலையில் எடை பார்த்து, இதைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நீரை இயந்திரம் உடம்பிலிருந்து எடுக்கும். முந்தின நாள்தான் கொழுந்தன் அந்தப் புரோகிராமுக்குப் பக்கத்தில் எங்கள் புது லைப்ரரியை, அதாவது புரோகிராம் இரவல் வாங்கி ஓட்டும் கோடுகளின் தொகுப்பை, போட்டிருந்தான்.

தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அஞ்சு மணிக்குள்ள நாளைக்கான தாள் வேணும். கையால எழுதினா தப்பு வரும்னு டாக்டர் ஒத்துக்க மாட்டார். தாள் இல்லன்னா காலையில முதல் ஷிப்ட்டையே தள்ளி வெச்சிடுவாங்க. பன்னெண்டு பேரு."

அந்தப் பன்னிரண்டு பேரில், மூன்றாம் நாற்காலி என் மாமியாருடையது. எனக்கும் அவருக்கும் என்றைக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனாலும் ஒரு நாள் தள்ளிப்போனதில் அவருக்கு எப்படி மூச்சு வாங்கியது என்று பார்த்தவள் நான். இன்னொரு முறை அதைப் பார்ப்பதாக இல்லை.

புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய சோர்ஸ் கோடு இருந்த டிஸ்க்கும் செத்துப்போனது. மிச்சமிருப்பது இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆன கோப்பு மட்டும். அதற்கு டிஜிட்டல் முத்திரை வேறு. ஒரு பைட்டை மாற்றினாலும் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் கம்பைல் ஆகிவிட்டதாலேயே ஒரு கோப்பு ஊமையாகிவிடாது. உள்ளே மெட்டாடேட்டா என்று சில அட்டவணைகள் இருக்கும். வெளியிலிருந்து எந்தெந்த டைப்பை, அதாவது ஒரு நோயாளிக்கு என்னென்ன விவரம், என்னென்ன விதி என்பது போன்ற வரையறையை, இரவல் வாங்குகிறது, அது எந்த லைப்ரரியில் குடியிருக்கிறது என்று வரிவரியாக எழுதியிருக்கும். ஓடும்போது அந்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடிப் போகும்.

அட்டவணையைத் திறந்தேன். பதினேழாவது வரி பேஷண்ட். இருப்பிடம் பழைய லைப்ரரி. புது லைப்ரரியைத் திறந்தேன். அங்கே ஒரு பேஷண்ட். பழையதைத் திறந்தால், அங்கேயும் ஒரு பேஷண்ட் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"தம்பி, பேஷண்டைப் புது லைப்ரரிக்கு மாத்திட்டேன்னு சொன்னியே. பழைய வீட்டுல இருக்கிறது யாரு?"

"அது காப்பி அண்ணி. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமேன்னு விட்டு வெச்சேன்."

அவன் குணமே அது. வயது முப்பத்தைந்து, கெட்டுப்போன சார்ஜர்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறான். எதையும் தூக்கிப் போட மனசு வராது.

கம்ப்யூட்டருக்கு டைப்பின் அடையாளம் பெயர் மட்டும் அல்ல. எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்பதும் சேர்த்துத்தான். பழைய புரோகிராம் பழைய வீட்டு பேஷண்டைக் கேட்டது. புது லைப்ரரி தன் வீட்டு பேஷண்டை நீட்டியது. இவர் யாரோ எனக்குத் தெரியாது என்று புரோகிராம் கைவிரித்துவிட்டது.

"இதுக்கா அண்ணி பயந்தீங்க? நடுவுல சின்னதா கோடு எழுதிடறேன். புது பேஷண்ட்ல இருக்கிறதை அப்படியே பழைய பேஷண்டுக்கு எடுத்துக் கொடுத்துடும்."

எனக்கும் அவசரம். தலையாட்டினேன். அது என் தப்பு.

மூன்றரைக்கு பிரிண்டர் ஓடியது. பன்னிரண்டு தாள். அவன் விசில் அடித்தான். நர்ஸ் கை நீட்டினார். நான் மூன்றாம் தாளை மட்டும் உருவிப் பார்த்தேன். இருக்க வேண்டிய எடை: ஐம்பத்திரண்டு கிலோ.

போன மாதம் டாக்டர் அதை ஐம்பத்து நான்காக உயர்த்தியிருந்தார். மாமியாருக்குச் சதை பிடித்திருக்கிறதாம். "உன் சமையல்ல எப்படி உடம்பு தேறுச்சுன்னு எனக்கே தெரியல" என்று அன்று அவர் என்னிடம் சொன்னதால் எனக்கு அது மறக்கவில்லை. திருத்திய எடை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும் விதி புது பேஷண்டுக்குள்தான் இருக்கிறது. இவன் விட்டுவைத்த காப்பியோ அந்த விதி வருவதற்கு முன்னால் எடுத்தது, அதற்கு அது தெரியாது. இந்தத் தாளை நம்பினால், நாளைக் காலை அவர் உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் கூடுதலாக எடுத்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பன்னிரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன்.

"என்ன மேடம் பண்றீங்க?" என்று நர்ஸ் பதறினார்.

"தப்பான தாள் சிஸ்டர். அஞ்சு மணிக்குள்ள சரியானதைத் தர்றேன்."

கொழுந்தன் பேயறைந்தவன் போல நின்றான். "மூணாம் நாற்காலியா அண்ணி?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது, நேரமில்லை.

"அந்தக் காப்பியை அழி. நடுவுல எழுதின கோடையும் அழி. நீயே அழி."

"அழிச்சுட்டா பழைய புரோகிராம் அங்கதானே வந்து தேடும்? ஒண்ணும் கிடைக்காதே."

"கிடைக்க வேண்டாம். எங்க போயிருக்குன்னு சொன்னா போதும்."

லைப்ரரி இரண்டும் எங்களுடையவை, அவற்றைத் தொடலாம். பழைய லைப்ரரியின் மெட்டாடேட்டாவில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம்: பேஷண்ட் இங்கே இல்லை, புது லைப்ரரிக்குக் குடிபோய்விட்டது. வீடு மாறுகிறவர்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போகிற சீட்டு மாதிரிதான். முத்திரை வைத்த புரோகிராம் வழக்கம்போலப் பழைய கதவுக்கு வரும், சீட்டைப் படிக்கும், புது வீட்டுக்குப் போகும். இனி இருப்பது ஒரே பேஷண்ட்.

நாலு ஐம்பதுக்கு பிரிண்டர் மறுபடி ஓடியது. இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. டாக்டரின் கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். நர்ஸ் ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டார்.

"மூணாம் நாற்காலி... அம்பத்தி நாலு. சரியா இருக்கு."

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது. பிரிண்டரில் ஏதோ பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வரும்போது, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி" என்றான்.

"சொல்லல. ஆனா நாளைக்கு நீதான் கூட்டிட்டு வர்ற. நாலு மணி நேரமும் பக்கத்துலயே உட்கார்ற."

மறுநாள் பகலில் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"உன் கொழுந்தனுக்கு என்னடி ஆச்சு? உட்கார்ந்ததுலேருந்து என் கையைப் பிடிச்சவன் விடவே இல்ல. ஊசியை எடுக்கணும் தள்ளிக்கோங்கன்னு நர்ஸ் சொல்லியும் விடமாட்டேங்கிறான். நீ கொஞ்சம் சொல்லு, நீ சொன்னாத்தான் கேப்பான்."