புகைபோக்கியிலிருந்து வந்த வெள்ளைப் படங்கள்

மடிக்கணினியின் திரையில் மறுபடியும் வெள்ளைதான் விரிந்தது. பால் கொட்டிப் பரவிய தரையைப் போல ஒரு வெள்ளை. அதன் நடுவே, ஆள் என்றால் ஆள், தூண் என்றால் தூண் என்று எண்ணிக்கொள்ளத்தக்க சாம்பல் நிறக் கறை ஒன்று. மிரான் அண்ணி மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி வந்து என் தோளுக்கு மேல் குனிந்தார். அடுத்த படத்தைத் தட்டினேன். வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை.

"இது என்ன, காலா?"

"தெரியல அண்ணி."

"கையா?"

"அதுவும் தெரியல."

"அப்ப எதுக்குத் தம்பி இந்தக் கம்ப்யூட்டரு? அரிசி மாவுச் சட்டியத் திறந்து வச்சுக்கிட்டு நானே பாத்திருப்பேனே."

ஆலை வாயிலருகே நாங்கள் போட்டிருந்த போராட்டக் கூடாரத்தில் சிரிக்க வேறு யாரும் இல்லை, நானும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் பெக் சுங்கூ அண்ணன், எங்கள் சாயத் துணி ஆலையின் புகைபோக்கி உச்சியில் இருந்தார். முதலாளி ஆலையை மூடி, அத்தனை பேரையும் கைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றினால் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் அவர் ஏறினார். தரையில் நின்று கேட்டோம், காது இல்லை. வாயிலில் அமர்ந்து கேட்டோம், கண் இல்லை. தரையில் நிற்பவனைக் காண மறுக்கும் கண்களும் புகைபோக்கியில் நிற்பவனைக் காணாமல் இருக்க முடியாது என்பதால் எங்கள் நாட்டுத் தொழிலாளி ஏறுகிறான். ஏறியவன் இருக்கும் வரைதான் கீழே உள்ளவனுக்குப் பேச்சுவார்த்தை. இறங்கிய மறுகணம் அவனுக்குக் கைவிலங்கு, நமக்குக் கைவிரிப்பு. சந்திரப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் பேச அமர்வதாக ஆலைத் தரப்பு முதன்முறையாக வாக்குத் தந்திருந்தது. அந்த வாக்கின் ஆணிவேர் அந்த உச்சியில் நின்றுகொண்டிருந்த இரண்டு கால்கள்.

அந்தக் கால்களைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை.

கால்விரல்கள் மரத்துப்போனதாக ஒருநாள் தொலைபேசியில் அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே அதை விழுங்கவும் பார்த்தார். எங்களுக்காக ஊதியமின்றி வந்துபோகும் மருத்துவர் யோம் விடவில்லை. தோல் வெளுத்திருக்கிறதா, நீலமா, கொப்புளத்தில் இருப்பது நீரா, குருதியா? கண்ணால் கண்டாலன்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றார். ஏணியின் அடிக்கதவைக் காவலர்கள் பூட்டிவிட்டார்கள். மருத்துவரை ஏற்ற ஆலை ஒப்பவில்லை. சோறு மட்டும் போகலாம். அதுவும் ஒரு காவலர் சோற்றுக்குள் குச்சியைச் செருகிப் பார்த்த பின், கயிற்றில் கட்டிய வாளியில் போகலாம். அந்த வாளியில் என்னுடைய பழைய டிஜிட்டல் காமிராவை அனுப்பினோம். மேலே மின்சாரம் இல்லை. அவருடைய மடிப்புக் கைபேசிக்கே மாற்று பேட்டரி அனுப்பித்தான் உயிர் கொடுத்தோம். ஆகவே காமிரா நண்பகல் சோற்றோடு ஏறும், மாலைச் சோற்று வாளியில் இறங்கும், கூடாரத்தில் மின்னேற்றிக்கொண்டு மறுநாள் மறுபடி ஏறும்.

முதலில் படங்கள் பதியும் நினைவக அட்டையைச் சந்தேகித்தேன். புது அட்டை போட்டேன். வெள்ளை. ஒளியளவைக் குறைத்துவைத்து அனுப்பினேன். வெள்ளை கொஞ்சம் அழுக்காயிற்று, அவ்வளவுதான். எல்லா அமைப்பையும் அழித்து, கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல ஆக்கி அனுப்பினேன். கடையிலிருந்து வந்த நாள்போலவே வெறுமையாக வந்தது. கொடுமை என்னவென்றால், கீழே அது குற்றமற்றது. வாயிலருகே நின்று காவலர் ஒருவரைப் படமெடுத்துப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார், தொப்பியின் நூல்பிரி வரை துல்லியமாக விழுந்தது. கீழே பார்க்கும் கண், மேலே ஏன் குருடாகிறது? கூடாரத்துக்கும் வாயிலுக்குமாக நடந்தேன். சங்கத்துக்காக நான் எழுதும் துண்டறிக்கையின் முதற்பக்கம் படமில்லாமல் காத்திருந்தது. அதற்கு எனக்கு அண்ணனின் முகமும் உயர்ந்த கைமுட்டியும் வேண்டும். அண்ணிக்குக் கால் வேண்டும். ஒரே காமிராவிடம் நாங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு வரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணி என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி அண்ணனை அழைத்தார். பிள்ளை போராமின் பெயரைச் சொல்லித்தான் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள்.

"போராம் அப்பா, உண்மையச் சொல்லு. லென்ஸ்ல மூச்ச ஊதிட்டுத்தானே எடுக்கிற?"

ஒலிபெருக்கியில் காற்றின் இரைச்சல். அதன் பின்னால் அண்ணனின் குரல். "ஆமா. ஊதி, அதுல உன் பேர எழுதி, ஒரு பூ வரைஞ்சுட்டுத்தான் எடுக்கிறேன்."

"சிரிக்காத. காலக் காட்டக் கூடாதுன்னு பண்றியா இல்லையா?"

"போராம் அம்மா, காமிராவுக்குக் கண்புரை. கிழடாயிருச்சு. தம்பி எந்தக் காலத்துல வாங்குனானோ."

"கால் எப்படி இருக்கு?"

"காலு காலாத்தான் இருக்கு. எங்க போயிரும்?"

"நிறம் என்ன நிறம்?"

"பேட்டரி போகுது," என்று அண்ணன் வைத்துவிட்டார். பேட்டரியைக் காலையில்தான் மாற்றியிருந்தோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"பாத்தியா? பொய் சொல்லத் தெரியாத மனுசன் படத்த வெள்ளையாக்கிக் காட்டுறான்," என்றார் அண்ணி. "நீயும் அதுக்கு உடந்தையா?"

"நான் என்ன அண்ணி பண்ணேன்?"

"படம் வராம இருந்தா உனக்கு நல்லதுதானே. கால் கறுத்திருக்குன்னு தெரிஞ்சா இறக்கணும். தெரியலன்னா மைக்கப் புடிச்சுப் பேசிக்கிட்டே இருக்கலாம். ஊரெல்லாம் உறையுது, உன் வாய்க்கு மட்டும் பனி புடிக்க மாட்டேங்குது."

பதில் என் நாவின் நுனியில் இருந்தது. நூற்றுக்கணக்கானோரின் அடுப்பு, நூற்றுக்கணக்கானோரின் பிள்ளைகள், ஒரு மனிதனின் ஈகம் என்று அடுக்கடுக்காய் எழுந்தது. மேடையில் பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியதுதான். கந்தைக் கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முன் அது வெளியே வர மறுத்தது.

மாலைச் சோற்றுக்குப் பின் வாளி இறங்கியபோது அண்ணியே போய் அடியில் நின்றார். வழக்கமாக நான்தான் பையை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடி, அடுப்பருகே போட்டுவிட்டு, பிறகு காமிராவைத் தேடுவேன். அண்ணிக்கு அந்தப் பொறுமை இல்லை. புகைபோக்கியின் காலடியிலேயே பஞ்சு வைத்துத் தைத்த சோற்றுப்பையைத் திறந்து, காமிராவைச் சுற்றியிருந்த துண்டை இழுத்தார். துண்டு மடங்கவில்லை. பலகைபோல நின்றது. அதை இரும்புக் கம்பியில் தட்டினார். பனிக்கட்டி நொறுங்கும் ஓசை கேட்டது.

"இதுல தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

சோற்றுப்பையைக் கட்டுபவர் அண்ணிதான். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காமிராவைத் துண்டில் சுற்றி, கொதிக்கக் கொதிக்க ஊற்றிய முளைப்பயறு சூப்புச் சட்டியின் மூடிமேல் வைத்து, இருபுறமும் குலுக்கினால் சூடேறும் சூட்டுப் பொட்டலங்களைச் செருகி, குழந்தையைப் போர்த்துவதுபோலப் போர்த்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆவியெல்லாம் துண்டில் இறங்கியது. துண்டிலிருந்து காமிராவின் வயிற்றுக்குள் இறங்கியது. உச்சிக் காற்றில் எடுத்த நொடியே அது லென்ஸின் உட்புறத்தில் பனியாய்ப் படிந்தது. வெளியே துடைத்தால் போகுமா உள்ளே இருப்பது? மாலைக்குள் அது தானாக உலர்ந்துவிடும்; கீழே வரும்போது காமிரா நல்ல பிள்ளை.

அண்ணி துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மனுசன் ஊதல," என்றார். அதில் நிம்மதி இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஊதுனது நான்."

மறுநாள் காமிராவை இரவெல்லாம் குளிரிலேயே வெளியே வைத்திருந்து, காலி பிஸ்கட் டப்பாவில் தனியாக அனுப்பினோம். பேட்டரியை மட்டும் ஒரு கையுறைக்குள் சூட்டுப் பொட்டலத்தோடு பொதிந்து அனுப்பினோம். சோற்றைக் குத்திப் பார்க்கும் காவலர் டப்பாவைத் திறந்து, "இன்னைக்கு இதுக்குச் சூப்பு கிடையாதா?" என்று கேட்டார். அண்ணி, "பத்தியம்," என்றார். எடுத்தவுடன் அட்டையை இறக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். கயிறு உடனே இறங்கவில்லை. நான் வாயில்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். சூப்பு ஆறியிருக்கும், சோறு உறைந்திருக்கும் என்று எண்ணும் அளவுக்குக் காக்க வைத்த பிறகே அது இறங்கியது.

வெள்ளை இல்லை. முதற்படத்தில் நக்தோங் ஆறு, ஓரங்களில் பனி கட்டி, நடுவில் கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. அடுத்ததில் அண்ணனின் முகம். எலும்பின்மேல் தோலை இழுத்து ஒட்டியது போன்ற முகம். அதன் அருகே, துண்டறிக்கைக்காக நான் கேட்டிருந்த கைமுட்டி. சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதைத் தட்ட என் விரல் தயங்கியபோது அண்ணியின் விரல் என் விரலைத் தள்ளிவிட்டுத் தட்டியது.

பிளாஸ்டிக் விரிப்பின்மேல் இரண்டு பாதங்கள். அவ்வளவு துல்லியம். விரிப்பின் நெசவுக் கோடுகளைக்கூட எண்ணலாம். அண்ணி திரையில் இடக்காலின் விரல்கள்மேல் தன் விரல்களை வைத்தார். படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், திரை முழுவதும் கறுப்பு மட்டும் நிற்கும் வரை பெரிதாக்கினார்.

படத்தை மருத்துவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். "இன்னைக்கே இறக்குங்க. நாளைக்குன்னா விரலோட போகாது." பேச்சுவார்த்தை புத்தாண்டு முடிந்ததும் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது. "அது உங்க கணக்கு. சதைக்கு அந்தக் கணக்கு தெரியாது," என்று அவர் வைத்துவிட்டார்.

அப்போது அண்ணனே அழைத்தார். ஒலிபெருக்கியைத் தட்டினேன்.

"எப்படி வந்துச்சு? தெளிவா இருக்கா? கைமுட்டி நல்லா விழுந்துச்சா தம்பி?"

"விழுந்துச்சு அண்ணே."

"அதப் போடு. மத்ததப் போடாத." பிறகு, "போராம் அம்மா பக்கத்துல இருக்காளா?"

அண்ணியின் மூச்சு மேலே கேட்டிருக்க வேண்டும்.

"மூணாவத எடுக்க வேணாம்னுதான் இருந்தேன்," என்றார் அண்ணன். "லென்ஸு சரியாயிருச்சான்னு காலப் பாத்து ஒருதரம் அமுக்கினேன். பின்னாடி அழிக்கப் பாத்தேன். கைவிரலு அந்தப் பொத்தானக் கண்டுபுடிக்கல."

அண்ணி எழுந்து கூடாரத்துணியை விலக்கிக்கொண்டு வெளியே போனார். நான் கைபேசியோடு பின்னால் ஓடினேன். அவர் ஏணியின் பூட்டிய கதவருகே போய் நின்று, கம்பியைப் பற்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். உச்சி விளிம்பில் புள்ளியளவு கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. காவலர்கள் புகைப்பதை நிறுத்தினார்கள். இறங்கு என்று அவர் கத்தவில்லை. இரு என்றும் கத்தவில்லை. என் கையில் கைபேசி காற்றாய் இரைந்துகொண்டிருந்தது.

தலை மறைந்தது. சோற்று வேளை அல்லாத அந்த நேரத்தில், யாரும் கேட்காமலே கயிறு அசைந்தது. வாளி சுழன்று சுழன்று, புகைபோக்கியின் சுவரில் இடித்து இடித்து இறங்கிற்று. காவலர் ஒருவர் குச்சியோடு முன்னே வந்து, உள்ளே பார்த்துவிட்டு, குச்சியைத் தாழ்த்திக்கொண்டு விலகினார்.

வாளிக்குள் அண்ணனின் காலணிகள், நாடாக்கள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு, நுனி மேல்நோக்கிக் கிடந்தன. இறங்குகிறவன் காலணியைக் கழற்றி அனுப்பமாட்டான். அண்ணி அவற்றை எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, இடக்காலணிக்குள் வெறுங்கையை விட்டு, நுனி வரை செலுத்தி, அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.