கடைசி நான்கு வரிசை

எவாரிஸ்தோ கரண்டியால் ஊட்டிய கோழிச்சாறு மனைவியின் கடைவாயில் வழிந்தது. துடைக்கப் போனார். ரெமேதியோஸ் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“கெழக்குக் காத்து நின்னுபோச்சு,” என்றாள்.

அது அவருக்கும் தெரியும். விடிந்ததிலிருந்து கடல்காற்று; அதன் பின்னாலேயே மழை வரும். திராட்சை அறுத்த கையோடு, கொடி வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டிக் கரை கட்டிவிட வேண்டும். ஹெரேஸ் ஊர் மேட்டின் வெள்ளை மண் முதல் மழையைக் குடித்து வைத்தால்தான் கோடையில் கொடி பிழைக்கும். குழி இல்லையென்றால் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். அவள் படுத்துவிட்டதால் கடைசி நான்கு வரிசை வெட்டாமல் கிடந்தது.

“தம்பியக் கூப்பிடுங்க. வெட்டிக் குடுப்பான். நானும் ஒரு தடவ அவன் மூஞ்சியப் பாத்துக்கறேன்.”

“காசியானோவா? அவன் கையில மம்பட்டியக் குடுக்கறதும் நரிகிட்ட கோழியக் குடுக்கறதும் ஒண்ணு.”

மாமனார் மேட்டை மகளுக்கும் சரிவை மகனுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரு வருஷம் மேட்டுக் குழிகளின் கரை உடைந்து, தண்ணீரெல்லாம் கீழே காசியானோவின் கொடிகளுக்குப் போனது. உடைத்தது அவன்தான் என்று எவாரிஸ்தோ முடிவுகட்டினார். அன்றோடு பேச்சு நின்றது.

“கூப்பிடுங்க,” என்றாள் மறுபடியும்.

“சரி, சரி.”

கூப்பிடவில்லை. மதியம் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். கோயிலில் சாவு மணி அடித்தார்கள்.

மறுநாள் கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளி, கொத்தன் செங்கல் வைத்துப் பூசினான். காசியானோ வரவில்லை.

“அக்கா பொட்டிக்குத் தோள் குடுக்காதவன் என்ன தம்பி?” என்றாள் பக்கத்து வீட்டுத் தோரிபியா.

“மழை வருதுல்ல. மேட்டுத் தண்ணிக்கு வாயத் தொறந்துகிட்டு கீழ நிப்பான்.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, நிஜமாகவே கரையை உடைக்கப் போயிருப்பானோ என்று தோன்றியது. பூச்சு காயும்வரை நிற்கவில்லை. நேரே மேட்டுக்கு ஏறினார்.

காசியானோ அங்கேதான் இருந்தான். சாவுக்கென்று போட்ட கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொடியில் மாட்டியிருந்தான். மூன்று வரிசை முடிந்து, நாலாவதில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை வெள்ளைப் புழுதி.

“கரைய இவ்ளோ சன்னமா வெச்சா நிக்குமாடா?”

“நின்னு வேடிக்கை பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும் மச்சான்.”

“பொட்டிய எடுக்கறப்ப எங்க போன?”

“கெளம்பித்தான் வந்தேன். வானத்தப் பாத்தேன். சாமியார் பாட்டு முடியறவரைக்கும் மழை நிக்குமா? அக்கா மண்ணு இப்படிக் கெடக்குதேன்னு ஏறிட்டேன்.” நிமிர்ந்தான். “அந்த வருஷம் கரைய ஒடச்சது நானில்ல. முயல்.”

“முயலுக்கு மம்பட்டி யாரு குடுத்தா?”

காசியானோவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. முதல் துளி மண்ணில் விழுந்து கறுத்தது.

“கடைசியில… என்னக் கேட்டாளா?”

அவள் கேட்டபோது அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. இல்லையென்று சொன்னால் அதோடு முடிந்துபோகும்.

“கேட்டா,” என்றார் எவாரிஸ்தோ. “கூப்பிடச் சொன்னா. ரெண்டு தடவ. நான் கூப்பிடல.”

காசியானோவின் கையில் மண்வெட்டி இருந்தது. பிறகு அதை மெல்லக் கீழே கிடத்தினான்.

“எந்தச் சுவரு?”

“வாசல் பக்கம். மேலேருந்து ரெண்டாவது.”

கோட்டைக்கூட எடுக்காமல் இறங்கினான். நடந்தவன், பாதை திரும்பும் இடத்தில் ஓடினான்.

எவாரிஸ்தோ மண்வெட்டியை எடுத்து மிச்சக் குழிகளை வெட்டி முடித்தபோது மழை வலுத்துவிட்டது. குழிகளில் தண்ணீர் பால் நிறத்தில் ஏறியது. காசியானோ கட்டிய கரைகளைப் பார்த்தார். சன்னமாகத்தான் இருந்தன. ஒரு வெட்டு மண் போடலாம். போடவில்லை. தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது.