தலையணை மேல் தாளம்

மடியில் தலையணையை வைத்துக்கொண்டு அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் டிரம்ஸ் தட்டுகிற கம்பி பிரஷ், இடது கையில் வெறும் விரல்கள். கட்டிலில் கிடந்த தம்பி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பாடினான். நோய் வந்துதான் குரல் சிறுத்துப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக இருந்த நாளிலும் அவன் காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரிதான் பாடுவான். அந்த ரகசியத்துக்கு அடியில் அக்கா, பழைய ஜெர்மன் ராக் குழுக்களிடமிருந்து பிடித்துக்கொண்ட ஒரே அடியை, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், நெடுஞ்சாலையில் லாரி போகிற மாதிரி ஓட்டுவாள்.

“ஒருத்தன் தூங்க வைக்கிறான், ஒருத்தி எழுப்பி விடுறா. இதுக்கு டிக்கெட் வேற,” என்பாள் அம்மா.

அவர்கள் இருவருக்கும் ஒரே ஒரு சட்டம். பாட்டின் நடுவில் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாயை மூடிக்கொள்ளலாம். அவள் நிறுத்தக் கூடாது. ஒருமுறை மேடையை விட்டே இறங்கிப் போய், யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வரிக்குச் சரியாக வந்து சேர்ந்தான். கூட்டம் கைதட்டியது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மதியம் அம்மா சமையலறைக்குப் போகும்போது வாசற்படியில் நின்று சொன்னாள்: “பால் காய்ச்சிட்டு வந்துடறேன். ஏதாச்சும்னா உடனே கூப்பிடு. அவன் போறப்ப நான் பக்கத்துல இருக்கணும்டி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“சரிம்மா, போ.”

தம்பியின் பாட்டைப் பதிவு செய்ய வந்திருந்த நண்பனும் கடைக்குப் போயிருந்தான். கழுத்தில் எந்நேரமும் ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அவனுக்குப் பெயரே ஒயர்.

இரண்டாவது சரணத்தில் தம்பி நிறுத்தினான். வழக்கமாக நிறுத்துகிற இடம்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாள். வருவான். மணிக்கட்டு வலித்தது. பிரஷ்ஷைக் கை மாற்றிக்கொண்டாள். இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே இழுக்கிறான், குறும்புக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். வருவான்.

பக்கத்தில் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதும் அக்காவின் கை நிற்கவில்லை. அம்மாதான் வந்து பிடித்து நிறுத்தினாள்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலிகளைச் சுவரோரம் போட்டாள், நடுவில் போட்டாள், மறுபடி சுவரோரம் தள்ளினாள். கூடத்தில் அத்தை கேட்பது காதில் விழுந்தது.

“கடைசியில யாரு இருந்தா பக்கத்துல?”

“தாளம் இருந்துச்சு,” என்றாள் அம்மா.

அக்கா சமையலறைக்குப் போய்க் கப்புகளைக் கழுவ ஆரம்பித்தாள். ஒயர் பின்னாலேயே வந்தான்.

“அக்கா, அந்தக் கப்பு மூணாவது தடவை குளிக்குது.”

அவள் திரும்பவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் கடைக்குப் போறப்ப ரெக்கார்டரை அணைக்கல. எல்லாம் பதிவாயிருக்கு.”

“அழிச்சிடு.”

“கேக்காமலா?”

“அழிங்கறேன்ல.”

“என்னத்த அழிக்கச் சொல்ற?” அம்மா வாசலில் நின்றிருந்தாள். அம்மா அவன் கழுத்திலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள், கையை நீட்டினாள்.

உள்ளறையில், விரிப்பு எடுத்துவிட்ட கட்டிலில் அம்மா உட்கார்ந்து கேட்டாள். அக்கா சுவரோரம் நின்று அந்த முகத்தையே பார்த்தாள். ஹெட்போனிலிருந்து கசிந்த தாளம் மட்டும், எறும்பு நடக்கிற மாதிரி, அவளுக்கும் கேட்டது. இதோ, அவன் நிறுத்துகிற இடம். அக்கா தரையைப் பார்த்தாள்.

“இது யாரு?” என்றாள் அம்மா, காது அடைத்தவர்கள் பேசுகிற மாதிரி உரக்க. “அவன் விட்ட எடத்துலேர்ந்து யாரோ பாடுறாங்களே?”

ஒயர் குனிந்து ஒரு பக்கத்தை விலக்கிக் கேட்டான். “நீங்கதாம்மா. சமையலறையில முணுமுணுத்திருக்கீங்க. மைக்கு எடுத்திருக்கு.”

“நானா? எனக்கு இந்தப் பாட்டே பிடிக்காதே.”

“மிச்ச சரணம் முழுசும் நீங்கதான்.”

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மெதுவாக, “அவன் மூச்சு எங்க நிக்குது?”

“தெரியலம்மா. உங்க குரல் மேல வந்து மறைச்சிடுது.”

வெளியிலிருந்து அத்தை, “வண்டி வந்துடுச்சு!” என்று கூப்பிட்டாள். ஒயர் எழுந்து போனான்.

அம்மா ஹெட்போனைக் கழற்றவில்லை. கட்டிலின் ஓரத்துக்குச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.